பாதியில் நிறுத்திய ஸ்வெட்டர்கள்

பெரியக்கா பின்னுவதைச் சோம்பலால் பாதியில் விட்டவள் இல்லை. கோபத்தால் விட்டவள். அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்திய கண் அவளுடையது. ஒரு கண்ணி தப்பினாலும் முழு வரிசையையும் பிரித்துவிட்டு மறுபடி போடுவாள். ஆனால் யாருக்காகப் பின்னுகிறாளோ அவர் அவளுக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்துவிட்டால் போதும், கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஊசியைக்கூட உருவ மாட்டாள். அப்படியே மடித்து, முன்னறைக் கண்ணாடி அலமாரியில், வந்து உட்காருகிறவர் முகத்துக்கு நேராக வைத்துவிடுவாள்.

அந்த ஆள் வீட்டுக்கு வரும்போது டீயை நீட்டிக்கொண்டே சொல்வாள்: “அது உன்னோடதுதான். பாதியில நிக்குது, பாரு.”

தம்பி அவளைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டான். அவனுடைய நீல ஸ்வெட்டர் ஒரு கை இல்லாமல் நின்றது. எதிர்வீட்டு டெய்லரம்மா அளவெடுக்கும்போது, “கொஞ்சம் உடம்பு போட்டிருக்கீங்க” என்று சிரித்துவிட்டாள். அவளுக்கு ஆரம்பித்த சால்வை ஒரு முழத்தோடு போயிற்று. இன்னும் சிலருடையவை இருந்தன. அதில் இரண்டு பேர் செத்தே போய்விட்டார்கள்.

கீழ்த்தட்டில் உள்ளங்கையளவில் ஒரு வெள்ளை ஸ்வெட்டர். கழுத்து மட்டும் பாக்கி. அது தங்கையின் குழந்தைக்கு.

பிரசவத்துக்குத் தன் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று பெரியக்கா சொல்லியிருந்தாள். தங்கை புருஷனோடு இருந்துகொள்கிறேன் என்றாள். அன்றே ஊசி நின்றது. குழந்தை மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்து, ஒரு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறியிருந்தாள்.

“கழுத்து இல்லாட்டி பரவால்லக்கா. குடு. அவனுக்குப் போட்டு அனுப்பறேன்.”

“முடிக்காததை நான் யாருக்கும் குடுக்கறதில்ல,” என்றாள் பெரியக்கா. கதவு திறந்தேதான் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றித்தான் குழந்தையைப் புதைத்தார்கள். பிறகு புருஷனும் மெல்ல மெல்ல விலகிப் போனான். தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தேய்த்த கண்ணாடிகளைச் சட்டத்தில் பொருத்திக்கொண்டே வயதானாள். போக்கிடம் வேறு இல்லாததால் விடுமுறை நாட்களில் அக்கா வீட்டுக்கே வந்தாள். அலமாரிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனாள்.

ஒரு நாள் பெரியக்கா குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. புத்தி மட்டும் துளிகூட மங்கவில்லை. இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்து வரவில்லை, கிறுக்கல்தான் வந்தது. பேச்சு கொழகொழவென்று வெளியே விழுந்தது. டாக்டருக்குப் புரியவில்லை, தம்பிக்குப் புரியவில்லை. தங்கைக்கு மட்டும் புரிந்தது. சின்ன வயதிலிருந்து அந்த வாயைப் பார்த்துப் பார்த்து நடுங்கியவள் அவள்.

“சின்னக்கா, நீதான் இவ பக்கத்துல இருக்கணும். அவ சொல்றது உனக்குத்தானே புரியுது,” என்றான் தம்பி.

தங்கை வேலையை விட்டுவிட்டு வந்து தங்கினாள். கவனிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. வேளைக்கு மருந்து, நேரத்துக்குச் சோறு, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, நகம் வெட்டிவிடுவது. பார்த்தவர்கள் எல்லாம், இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்று வியந்தார்கள்.

வேலையெல்லாம் முடிந்த ஒரு மத்தியானம், அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து முன்னறைக்குத் தள்ளிவந்தாள். அலமாரியைத் திறந்தாள்.

“தொடாத,” என்றாள் பெரியக்கா.

தங்கை நீல ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னல் அரைகுறையாகத்தான் தெரியும். நூலை ஓரிடத்தில் இறுக்கினாள், ஓரிடத்தில் தொளதொளவென்று விட்டாள். அக்காவின் கண் ஒவ்வொரு கண்ணியாகத் தொடர்ந்து வந்தது.

“விட்டுட்ட. ஒரு கண்ணி விட்டுட்ட. பிரி.”

“எங்க?”

“கீழ் வரிசையில. ஓட்டை தெரியுது பாரு.”

“ஆமா, தெரியுது,” என்று சொல்லிவிட்டுத் தங்கை அடுத்த வரிசைக்குப் போனாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டால் அவளும் நிறுத்திவிடுவாள். திறந்தால் மறுபடி தொடங்குவாள். இப்படியே சில நாட்களில் நீல ஸ்வெட்டருக்கு இன்னொரு கை முளைத்தது. ஒட்டியிருந்ததே தவிர, கோணலாக, நீளமாக, வேறு எவனுடைய கையையோ வாங்கி வைத்த மாதிரி இருந்தது.

தம்பி வந்தபோது அதை அவன் மடியில் வைத்தாள்.

“அக்கா உனக்கு முடிச்சிட்டா. நான் சும்மா கூட இருந்து பிடிச்சேன், அவ்வளவுதான். பழசையெல்லாம் மறந்துட்டாளாம்.”

பெரியக்காவின் முகம் சிவந்தது. “நான் சொல்லல. பொய். நான் மறக்கல,” என்று திணறித் திணறிச் சொன்னாள். எச்சில் வழிந்தது.

“என்ன சொல்றா?” என்று தம்பி கேட்டான்.

“உன் பெண்டாட்டியைக் கூட்டிட்டு வரச் சொல்றா. அவ கையால ஒரு வாய் சாப்பிடணுமாம்.”

தம்பி குலுங்கி அழுதான். அக்காவின் செத்த கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அவள் நல்ல கையால் அவனைத் தள்ளினாள். தட்டிக்கொடுக்கிறாள் என்று நினைத்து இன்னும் அழுதான். மறுநாளே மனைவியோடு வந்துவிட்டான். பெரியக்கா ஒரு நாளும் வாசல்படி ஏற்றாத அந்தப் பெண், அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். தங்கை தாடையைப் பிடித்துக்கொடுத்தாள்.

அடுத்தது சால்வை. டெய்லரம்மா விரித்துப் பார்த்தவுடனே தொழில் தெரிந்தவளின் விரல் நடுவில் நின்றது.

“இது வரைக்கும் உங்க கை. இதுக்கு மேல...”

“அதுவும் அவ கைதான். வாதம் வந்த கை வேற எப்படிப் போடும்?” என்றாள் தங்கை.

“ஐயோ, நான் ஒண்ணும் குறை சொல்லலம்மா!” டெய்லரம்மா நோயாளியின் காதருகே குனிந்து, குழந்தையிடம் பேசுவதுபோல் உரக்கச் சொன்னாள்: “ரொம்ப அழகா இருக்கு! இவ்வளவு செஞ்சதே பெரிசு!”

பெரியக்காவின் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் இறங்கியது. தங்கை முந்தானையால் பதவிசாகத் துடைத்துவிட்டாள்.

மற்றவர்களுடையதும் ஒவ்வொன்றாக முடிந்தது. செத்துப்போனவர்களுடையதை அவர்கள் பிள்ளைகள் வந்து வாங்கிப்போனார்கள். அலமாரியில் ஒவ்வொரு தட்டாகக் காலியாயிற்று. கடைசியில் வெள்ளை ஸ்வெட்டர்.

தங்கை அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடமும் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பார்த்தது. கையில் எடுத்ததில்லை. பாக்கி இருந்தது மிகக் கொஞ்சம். அரை மணி நேர வேலை.

“அரை மணி நேரம்க்கா,” என்றாள். “உனக்கு அதுகூட ஆகியிருக்காது.”

பெரியக்காவின் உதடுகள் அசைந்தன. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. “மன்னிச்சிடு.”

தங்கை நிமிர்ந்தாள். ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

“என்னக்கா? சரியா கேக்கல.”

“மன்னிச்சிடு. தப்பு. என் தப்பு.”

“தண்ணியா? தண்ணி வேணுமா?”

“மன்... னிச்சிடு.”

தங்கை எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். தலையைச் சாய்த்துப் பிடித்து வாயில் ஊற்றினாள். பாதி கழுத்து வழியாக ஓடியது. பெரியக்கா விழுங்கிவிட்டு மறுபடி அதையே சொன்னாள். தங்கை மறுபடி தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு அக்கா சொல்லவில்லை.

தங்கை கழுத்தைப் பின்னி முடித்து, நூலை அறுத்து, முடிச்சுப் போட்டாள். இந்த ஒன்றில் மட்டும் ஒரு கண்ணிகூடத் தப்பவில்லை. அக்காவின் மடியில் விரித்துக் காட்டினாள். பெரியக்காவின் இடது கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

“விடு.”

விடவில்லை. தங்கை அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். சுண்டுவிரலில் லேசாக ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது. பெரியக்கா முனகினாள். தங்கை ஸ்வெட்டரைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, அந்த விரலுக்குத் தைலம் தடவிவிட்டாள்.

மறுநாள் பயிற்சி கொடுக்கும் பிசியோ வந்தார். கைகால்களை மடக்கி நீட்டிவிட்டு, பேச்சுப் பயிற்சிக்காக அக்காவின் வாயையே கவனித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

“மன்னிச்சிடுன்னு சொல்றாங்க! எனக்கே புரியுதே! உங்களுக்கும் கேட்டுதா?”

“கேட்டுது,” என்றாள் தங்கை.

“நல்ல முன்னேற்றம்மா. இப்படியே பழகினா இன்னும் கொஞ்ச நாள்ல எல்லார்கிட்டயும் அவங்களே பேசிடுவாங்க.”

தங்கை அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: “இனிமே நீங்க வர வேணாம் சார். பயிற்சியெல்லாம் பார்த்துக் கத்துக்கிட்டேன். நானே செஞ்சுக்கறேன்.”

“நிறுத்தக்கூடாதும்மா, இப்பதான்...”

“எங்களுக்குத் தெரியாதா சார், எது எப்ப நிறுத்தணும்னு?”

அவர் படியிறங்கினார். முன்னறையில் பெரியக்காவுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

அன்று சாப்பாட்டு வேளையில் அவள் வாயைத் திறக்கவில்லை. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு தங்கையை நேராகப் பார்த்தாள். கரண்டியை நீட்டியபடி தங்கை காத்திருந்தாள். கஞ்சி ஆறி ஏடு படிந்தது. எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து, நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மெதுவா திற,” என்றாள். “எனக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல.”