யார் வீட்டு ஆள்?

துக்க உடை ஒன்றுதான் இருந்தது. ஜப்பானில் அமகசாகி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துணிக்கடையில் ஹருயோவும் கினுகோவும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. யோசனை ஹருயோவுடையது. கடைக்காரனிடம் மல்லுக்கட்டி விலையைக் குறைத்ததும் அவள்தான். ஆனால் போட்டுப் பார்த்தபோது முதுகு ஜிப் அவளுக்குப் பாதியில் நின்றுவிட்டது. கினுகோவுக்கோ அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. அன்றிலிருந்து கினுகோ உள்ளே, ஹருயோ வெளியே.

இருவரும் சாப்பாட்டுப் பெட்டி அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரே நாளில் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு பிடித்துக்கொண்ட தொழில் இது. இறுதிச்சடங்கு மண்டபத்தில் துக்க மொய் வாங்கும் மேசையில், இறந்தவரின் அலுவலகத்தார் சிலரும் அக்கம்பக்கத்தார் சிலரும் உட்காருவார்கள். இந்த இரு தரப்புக்கும் ஒருவரையொருவர் தெரியாது. கறுப்பு உடையில் ஒரு பெண் அடக்கமாக வந்து உட்கார்ந்தால், ஒவ்வொரு பக்கமும் அவளை மறுபக்கத்து ஆள் என்று நினைத்துக்கொள்ளும். சாவு நடந்த இடத்தில் 'நீ யார்' என்று யாராவது கேட்பார்களா? பிக்கு மந்திரம் தொடங்கி எல்லோரும் தலை குனிந்ததும், மொய் உறைகளில் ஒரு கட்டு துணிப்பைக்குள் போய்விடும். கினுகோ மெல்ல எழுந்து வெளியே வருவாள். ஹருயோ சைக்கிளோடு காத்திருப்பாள். பங்கு சரிபாதி. அதில் கினுகோ ஒருநாளும் கை வைத்ததில்லை. வைத்திருந்தால் ஹருயோவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெறுப்பதற்கு வெளியே சொல்லக்கூடிய காரணம் ஒன்று கிடைத்திருக்கும்.

உண்மையான காரணம் அயனோ. ஹருயோ பெற்ற ஒரே பெண், பதினான்கு வயது. வீட்டில் காஸ் இணைப்பை வெட்டி வெந்நீர் நின்றதிலிருந்து கினுகோவின் அறைக்குக் குளிக்கப் போனாள். முதலில் குளிக்க மட்டும். அப்புறம் சாப்பாடும் அங்கே. இப்போது படுக்கையும் அங்கேதான். எப்போதாவது வீட்டுக்கு வந்தால் தலைமுடியில் கினுகோவின் ஷாம்பு வாசனை அடித்தது. வாயைத் திறந்தால் "கினுகோ அத்தை சொன்னாங்க". பெற்ற வயிறு பற்றி எரிந்தது. இன்றைய பங்கு வந்ததும் காஸ் பாக்கியைக் கட்டிவிட்டுப் பெண்ணைக் கையோடு அழைத்து வந்துவிடுவது என்று ஹருயோ முடிவு செய்திருந்தாள்.

அன்று காலை மண்டபத்துத் தெருமுனையில் பார்த்தால், கினுகோ கழுத்தில் புதிதாக ஒரு முத்துமாலை. போலி முத்துதான். ஆனால் இரட்டைச் சரம்.

"அக்கா, எப்படி இருக்கு? நம்ம அயனோதான் பார்த்து எடுத்தா. 'ஒத்தை சரம் போட்டா மொட்டையா இருக்கு அத்தை'ன்னு ஒரே பிடிவாதம்!"

துக்கத்துக்கு இரட்டைச் சரம் ஆகாது. ஒரு சாவின் மேல் இன்னொரு சாவை அழைப்பதாகும் என்பார்கள். ஹருயோ கல்யாணமான புதிதில் அப்படிப் போட்டுக்கொண்டு போய், இழவு வீட்டில் எல்லோர் முன்னாலும் மாமியாரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். அநாதை விடுதியில் வளர்ந்த கினுகோவுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தந்திருப்பார்கள்? சொல்லிவிட வாய் வரை வந்தது. 'நம்ம அயனோ' என்ற சொல் காதில் திரும்ப ஒலித்தது. என்ன நம்ம?

"உனக்கென்னடி, ராணி மாதிரி இருக்கே. போ, நேரமாச்சு," என்றாள்.

வெளியே குளிர்காற்று காதை அறுத்தது. கண்ணாடிக் கதவு வழியே ஹருயோ பார்த்துக்கொண்டிருந்தாள். மந்திரம் தொடங்கியது, தலைகள் குனிந்தன, துணிப்பை கனத்தது. கினுகோ எழுந்தபோது, இறந்தவரின் உறவினர் போலிருந்த வயதான அம்மாள் ஒருத்தி அவள் கழுத்தையே பார்த்தபடி நெருங்கினாள். ஒழிந்தாள் என்று நினைத்தபோது ஹருயோவுக்கு இனித்தது.

அந்த அம்மாள் கினுகோவின் காதில் ஏதோ சொன்னாள். கினுகோ முகம் சிவந்து அவசரமாக மாலையைக் கழற்றினாள். அம்மாள் தன் கழுத்திலிருந்த ஒற்றைச் சரத்தை, அசல் முத்துச் சரத்தை, எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டாள். கன்னத்தை வேறு தட்டிக்கொடுத்தாள்.

ஹருயோ கதவுக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தாள். அதே தப்புக்கு எனக்கு ஏச்சு, இவளுக்கு முத்துமாலையா? உடை இவளுக்கு, என் பெண்ணும் இவளுக்கு, இப்போது ஊரான் பாசமும் இவளுக்கா?

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, போட்டிருந்த பச்சை மழைக்கோட்டோடு உள்ளே போனாள். மேசையில் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரரிடம் குனிந்தாள்.

"மன்னிக்கணும். அந்தப் பொண்ணு உங்க ஆபீஸா?"

"இல்லீங்களே. அக்கம்பக்கத்தவங்கதானே?"

பக்கத்தில் இருந்த பெண்மணி திரும்பினாள். "அய்யோ, நாங்க உங்க ஆபீஸ்னுல்ல நினைச்சோம்!"

அவ்வளவுதான். இரண்டு ஆண்கள் எழுந்துபோய் வாசலை மறித்தார்கள். துணிப்பையைப் பிரித்தார்கள். மண்டப மேலாளர் அதட்டினார். "உன்கூட வேற யார் வந்திருக்கா?"

கினுகோ தலையைத் தூக்கினாள். பச்சை மழைக்கோட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

போலீஸ் வண்டியில் ஏற்றும்போது அந்த வயதான அம்மாள் வாசல்வரை ஓடி வந்தாள். "பாவம், என்ன கஷ்டமோ பிள்ளைக்கு," என்று அழுதாள். திருடியைப் பிடித்துக்கொடுத்த ஹருயோவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கைதாகிப் போகிறவளுக்கும் அழ ஓர் ஆள் இருக்கிறதே என்று அப்போதும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கினுகோவின் அறைக்கு மூச்சிரைக்கச் சைக்கிளை மிதித்தாள். இனிமேல் போட்டிக்கு யார் இருக்கிறார்கள்? படியேறும் சத்தம் கேட்டதுமே கதவு திறந்தது.

"அத்தை!" என்று கரண்டியும் கையுமாக வந்த அயனோவின் முகம் சுருங்கியது. "நீயா? அத்தை எங்கேம்மா?"

"அவ வரமாட்டா. துணிமணியை எடு, வீட்டுக்குப் போலாம்."

"ஏன் வரமாட்டாங்க? முள்ளங்கியும் டோஃபுவும் அடுப்புல இருக்கு. அத்தைக்காகத்தான் வெச்சேன்."

ஹருயோ கொடியில் கிடந்த பெண்ணின் துணிகளைத் தானே எடுக்கத் தொடங்கினாள். போலீஸ் பிடித்துப்போனது என்று சொல்லலாம். யார் பிடித்துக்கொடுத்தது என்று கேட்டால் என்ன சொல்வது?

அயனோ அடுப்பைத் தணித்தாள். வாசலைப் பார்த்து முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன். நீ வேணும்னா போம்மா."