மூன்று வருடத் தாள்

ஷாஜனின் சட்டைப்பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. கருங்கல் கிறிஸ்துமஸ் கைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பெத்தேல் பிரதர்ஸ் தோற்றால், கிளப் செயலாளர் பதவியை அங்கேயே விட்டுவிடுவதாகக் கமிட்டியில் வாய்விட்டிருந்தான். கிளப்பில் எப்போதும் நல்ல ஃபார்மில் இருந்தது அவன் வாய் ஒன்றுதான்.

எல்லாம் ஒரு தாளால் வந்த வினை. ஓங்கி அடிப்பதில் பேர்போன முப்பத்தொன்பது வயது சத்தியராஜை ஒரு வருடத்துக்கு மாதச் சம்பளத்தில் எடுத்தபோது, ஒப்பந்தம் எழுத ஷாஜனுக்குக் கிடைத்த ஒரே மாதிரி சர்ச் சபைக் கமிட்டியின் தாள். அங்கேயும் அவன்தான் செயலாளர். சபையில் எந்தப் பொறுப்பும் மூன்று வருடம். பெயரை மாற்றியவன் வருடத்தை மாற்ற மறந்துவிட்டான். சத்தியராஜ் கையெழுத்துப் போட்டார். தலைவர் ஜேசுதாஸ் போட்டார். ஷாஜனும் கம்பீரமாகப் போட்டான். ஆறாம் மாதம் சத்தியராஜின் வலது முழங்கால் முட்டு வேலைநிறுத்தம் செய்தது.

"லே ஷாஜன், நீ ஆட்டக்காரன எடுத்தியா, பென்ஷன்காரன எடுத்தியா?" என்று ஜேசுதாஸ் பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்டார்.

சத்தியராஜ் மட்டும் ஒருநாளும் மைதானத்துக்கு வராமல் இருந்ததில்லை. குதிக்க முடியாது. அதனால் எதிர்ப்பக்கம் வலையை ஒட்டி கடவம் என்கிற பனையோலைப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டு, நின்றபடியே சர்வீஸ் போட்டுக்கொண்டிருப்பார். சும்மா சம்பளம் வாங்கக் கூச்சம், பாவம் மனுஷன் என்று ஷாஜன் நினைத்துக்கொள்வான். கடவத்துக்குள் எத்தனை பந்து விழுகிறது என்று பார்க்க மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

இப்போது மூன்றாவது வருட டிசம்பர். ஐந்தாவது செட்டில் சாகர் பாய்ஸ் பதினாலு, பெத்தேல் பதிமூணு. சர்வீஸ் பெத்தேலுக்கு.

"மக்கா, என்ன இறக்கு," என்றார் சத்தியராஜ் பெஞ்சிலிருந்து.

"அண்ணே, முட்டு?"

"சர்வீஸ் போடுகது கையிலயாக்கும், முட்டுலயா?"

ஷாஜன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். கடிதம் எப்படியும் தயார். ஆள்மாற்றத்துக்குக் கை காட்டினான்.

கூட்டம் சிரித்தது. சத்தியராஜ் நொண்டியபடி கோட்டுக்குப் பின்னால் போய் நின்றார். பேர்பெற்ற கைக்குப் பயந்து சாகர் பாய்ஸ் ஆறு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். பந்து சோம்பலாக எழுந்து, வலையைத் தாண்டியதும் களைத்துப்போனதுபோல் விழுந்தது. கடவம் இருக்கும் அதே இடம். பதினாலு சமம்.

இரண்டாவதும் அதே இடம். பாய்ந்து வந்தவனின் விரலுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது.

மூன்றாவதற்கு ஆறு பேரும் வலையருகே வந்துவிட்டார்கள். சத்தியராஜ் ஷாஜனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, பந்தைப் பின்கோட்டில் கொண்டுபோய் இறக்கினார்.

கருங்கலே எழுந்து கத்தியது. ஷாஜன் ஓடிப்போய் அவரைத் தூக்கினான். தூக்க முடியவில்லை, இருவரும் விழுந்தார்கள்.

"வருசத்துக்கு ஒரு பாயிண்ட் வச்சு மூணு தந்தாச்சு," என்றார் சத்தியராஜ் மண்ணில் கிடந்தபடி. "கணக்கு தீந்துது. எனக்கு நாப்பத்திரண்டு ஆச்சு மக்கா, இனி வேற ஆளப் பாரு."

"அதெப்படி விடமுடியும்?" ஜேசுதாஸ் மூச்சிரைக்க வந்து நின்றார். "லே ஷாஜன், தாள் வச்சிருக்கியா?"

சட்டைப்பையில் ஒரு தாள்தான் இருந்தது. ஷாஜன் ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தைத் தொடைமேல் வைத்துப் புது ஒப்பந்தம் எழுத ஆரம்பித்தான். வருடம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. சத்தியராஜின் வீங்கிய முழங்காலைப் பார்த்தான். இந்தத் தடவை நன்றாக யோசித்து, முழுப் புத்தியோடு, மூன்று என்று எழுதினான்.