நல்லவன் என்று எழுதியிருக்கிறது

சீழ், புழு, வாந்தி எதற்கும் முகம் சுளிக்காதவள் அவள். கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை. நாயின் காதிலிருந்து புழு எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், வெறும் பேச்சைக் கேட்டே குமட்டிக்கொண்டு வந்தது.

ஞாயிறுதோறும் அங்கே விளையாட்டு நடக்கும். அவள் கணவன் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். அவன்தான் கதை சொல்லி. அரக்கன், அரசன், கடவுள் எல்லாருக்கும் குரல் கொடுப்பவன் அவனே. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம். யார் என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும்; பெரிய எண் விழுந்தால் சொன்னது நடக்கும். ஆட்டம் தொடங்கும்போதே தன் பாத்திரம் நல்லவனா தீயவனா என்று முடிவு செய்து தாளில் எழுதிவிட வேண்டும். அதற்குக் குணநிலை என்று பெயர். அவள் விளையாட்டாக ஒரு பிக்பாக்கெட்காரியை எடுத்துக்கொண்டு 'தீயவள்' என்று போட்டிருந்தாள். நாத்தனாருடையது காயம் ஆற்றும் துறவி, நல்லவர். மூன்றாவது ஆள் கணவனின் பழைய நண்பர். டைல்ஸ் கடை வைத்திருந்தாலும் எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவருக்கு வக்கீல் என்றே பெயர். அவருடையது கடவுளுக்குத் தன்னையே நேர்ந்துகொண்ட வீரன். நல்லவனிலும் நல்லவன்.

அன்றைக்குக் குகைக்குள் சண்டை. பச்சைத்தோல் குள்ளர்கள் தோற்றுப்போய் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டார்கள். பின்னால் ஒரு குழிக்குள் அவர்களுடைய பெண்களும் குழந்தைகளும் ஒண்டிக்கொண்டிருப்பதாகக் கணவன் சொன்னான்.

வக்கீல் பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். "எல்லாரையும் மண்டிபோட வைக்கிறேன். என் சாமிய ஏத்துக்கிட்டா உயிரோட விடுறேன்னு சொல்றேன்."

"பயத்துல எல்லாரும் ஏத்துக்கிறாங்க" என்றான் கணவன்.

"ரொம்ப நல்லது. இப்ப எல்லாரும் நல்லவங்களாயிட்டாங்க. மறுபடி கெட்டுப்போறதுக்குள்ள வெட்டிடறேன். நேரா சொர்க்கம்! குஞ்சு குளுவானையும் சேர்த்துத்தான்." ஊறிப்போன பிஸ்கட்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். "எவ்வளவு பெரிய புண்ணியம் பாரு!"

"என் ஆளு குழிக்கு முன்னாடி குறுக்க நிக்கிறா" என்றாள் அவள்.

"தங்கச்சி, நீ தீயவள்னு எழுதியிருக்கே. உனக்கு இரக்கமே வரக்கூடாதும்மா. அது ரூல்படி தப்பு."

"அண்ணே, அதுங்க பச்சக் குழந்தைங்க."

"அதுங்களும் தீயதுங்கன்னு ரூல் புத்தகத்துலயே போட்டிருக்கே. தீயத அழிச்சா நான் எப்படிக் கெட்டவனாவேன்?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் புத்தகத்தைப் புரட்டினான். "மச்சான் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று இழுத்தான். பகடை உருண்டது. அவளுடைய பிக்பாக்கெட்காரியைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். குழியில் நடந்ததை வக்கீல் ஒன்றுவிடாமல், ருசித்து ருசித்துச் சொன்னார். நாத்தனார் மேஜைவிரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போனபின் சமையலறையில் அவள் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

"வெறும் கதைதானே, அதுக்குப் போயி..." என்று கணவன் ஆரம்பித்தான்.

"கதைதாங்க. அதனாலதான் கேக்கறேன். அங்க பசி இல்ல, பயம் இல்ல, யாரும் கட்டாயப்படுத்தல. எது வேணா செய்யலாம்னு விட்டா, அந்த மனுஷனுக்கு இதுதான் தோணுது. நீங்களும் நல்லவன்னு தலையாட்டுறீங்க. அவரோட சாமியாப் பேசுறதும் நீங்கதானே?"

அந்த வாரம் முழுக்க அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவன் தொட்டுத் தந்த டம்ளரைக்கூட ஒருமுறை கழுவிவிட்டுத்தான் குடித்தாள்.

அடுத்த ஞாயிறு, ஆற்றைக் கடக்கும்போது வக்கீலின் வீரனை முதலை கவ்வியது. எப்படியோ கரையேறியவன் கால்காயத்தில் கையை வைத்துத் தன் கடவுளை வேண்டினான். வக்கீல் பகடையை உருட்டிவிட்டு, "பதினெட்டு! காயம் ஆறிடுச்சு" என்றார்.

"ஆறல" என்றான் கணவன்.

"ஏன்டா?"

"நீ கூப்பிடற சாமி திரும்பிப் பாக்கல."

"இது எந்தப் பக்கத்துல போட்டிருக்கு? காட்டு!"

"போடல மச்சான். நான் சொல்றேன். கும்பிட்டு நின்ன குழந்தைங்கள வெட்டினவன் நல்லவன் இல்ல. போன வாரமே சொல்லியிருக்கணும்."

வக்கீல் கத்துவார், தாளைக் கிழிப்பார், கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். கொஞ்சமாவது முகம் கறுக்கும் என்று நினைத்தாள். அவரோ தாடையைச் சொறிந்தபடி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு ரப்பரை எடுத்து 'நல்லவன்' என்பதைத் தேய்த்து அழித்து, தூசியை ஊதிவிட்டார்.

"சரி, தீயவன்னே போட்டுக்கறேன். அந்தப் பக்கம் ஏதாச்சும் சாமி இருக்கா? அது என்ன பவர் தரும்?"

இந்த முறை கணவன் புத்தகத்தைப் புரட்டவில்லை.

"இன்னும் சொல்லப்போனா இதுதான் வசதி. பேசிக்கிட்டே இருக்காம நேரா வெட்டலாம்" என்று சிரித்தார். அதே சிரிப்பு. போன வாரம் புண்ணியம் என்று சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு. நல்லவன் என்ற சொல் அவருக்கு ஒரு சட்டை. கழற்றிப்போட்டால் உள்ளே வெட்கப்படக்கூட ஆள் இல்லை. அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

கணவன் புத்தகத்தை மூடினான். "போதும் மச்சான். இனிமே இங்க ஆட்டம் கிடையாது."

"டேய், இப்பதானே சூடு பிடிக்குது!" வக்கீலுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. செருப்பை மாட்டும்போதும், "அடுத்த வாரம் எத்தன மணிக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் போனதும் கணவன் மேஜையை ஈரத்துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

நாத்தனார் தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, என் ஆளும் அந்தக் குகையிலதான் இருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. இதுலயும் நல்லவர்னுதான் எழுதியிருக்கு."

'விடு, பரவாயில்லை' என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதைச் சொல்லாமல், மேஜையில் கிடந்த ரப்பரை நாத்தனார் பக்கம் நகர்த்தி வைத்தாள்.