தென்னைக்குக் கீழே உள்ள மண்

தென்னை முதல் பாளை விட்ட வாரத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சடகோபன் ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடக் கரைக்கு வந்து, அதைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். போன ஆடி வெள்ளத்தில் உடைந்த கரையை உயர்த்த மண் வேண்டும். கோட்டுக்குள் இருப்பதை வெட்டி எடுப்பார்கள்.

தென்னையை வைத்து வளர்த்த அழகிரி மடியிலிருந்த பட்டாவை எடுத்து நீட்டினான். "நம்ம மரமுங்க சாமி. நீங்க குடுத்ததுதான்."

"மரம் உன்னதுதான், யார் இல்லேன்னா? இடம் புறம்போக்குப்பா. சர்க்காரோடது."

புறம்போக்கு என்றால் வரிக்கணக்குக்கு வெளியே நிற்கும் நிலம். ஆறு, கரை, வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் அதில் சேரும். சர்க்காருக்குச் சொந்தம் என்பதாலேயே அங்கே யார் வேண்டுமானாலும் மாடு மேய்ப்பார்கள், துணி உலர்த்துவார்கள், கேட்க ஆளிருக்காது. ஒருவர் மரம் வைத்து வளர்த்தால் மரத்துக்கு மட்டும் பட்டா கிடைக்கும். காய் அவருக்கு. வேர் பிடித்திருக்கும் மண் சர்க்காருக்கு.

இந்த இரண்டாம் பாதி அழகிரிக்குத் தெரியாது. கைக்குழந்தை காய்ச்சலில் போனபோது, ஊர் இடுகாடு தூரம் என்று அவன் மனைவி அமிர்தம் அழுததால், வீட்டு வாசலிலிருந்து தெரிகிற இந்த இடத்தில் புதைத்து, மேலே தென்னம்பிள்ளை நட்டார்கள். பட்டாவும் வாங்கிவிட்டதால் இனி யாரும் தொட மாட்டார்கள் என்று நம்பினான். அவளையும் நம்ப வைத்தான்.

அமிர்தம் முன்னால் வந்தாள். "மரத்த வெட்டிக்குங்க சாமி. அடியில எம்புள்ள இருக்கு."

சடகோபன் குடையை மடக்கினார். "முன்னாடியே சொல்லப்படாதோ? இடுகாடுன்னு குறிச்சிருப்பேனே. அதுவும் புறம்போக்குதான், ஆனா வெட்ட மாட்டா. இப்போ உத்தரவு வந்துடுத்தேம்மா."

"மரம் எங்களுது, மண்ணு சர்க்காருது. எம்புள்ள யாருதுங்க?"

அவர் மடக்கிய குடையை மறுபடி விரித்துக்கொண்டு நடந்தார்.

வேலை தொடங்கிய அன்று அமிர்தமும் கூலிக்கு வந்து நின்றாள். தென்னையடிக் குழி மண்ணை வேறு யாரையும் தூக்க விடவில்லை. கூடை கூடையாகச் சுமந்து கரைமேல் ஒரே இடத்தில் கொட்டினாள்.

"ஏ பொம்பள, பரப்பிக் கொட்டு! என்ன, கோபுரமா கட்டுற?" என்று மேஸ்திரி கத்தினான். சிலர் சிரித்தார்கள்.

கொட்டிய மண்ணை இடித்து இறுக்கினால்தான் கரை தண்ணீரைத் தாங்கும். திம்மிசுக் கட்டையோடு இரண்டு பேர் வந்தார்கள். அமிர்தம் கூடையைக் கவிழ்த்துவிட்டு, மண்ணருகே உட்கார்ந்து, உள்ளங்கையால் அதை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓங்கிய கட்டை அவர்கள் கையிலேயே நின்றது.