கடைசி இன்னிங்ஸ் கேள்விக்கு

கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்கத்தான் அவள் கையைத் தூக்கினாள். பழைய பயிற்சியாளர் மாற்றலாகிப் போய்விட்டார், பெண்பிள்ளைகளின் சாஃப்ட்பால் அணியை இனி யார் பார்த்துக்கொள்வது என்று பெற்றோர் எல்லோரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நேரம் அது. தூக்கிய கையைக் கண்டதும் அரங்கமே கைதட்டியது. அணியை அவள் தலையில் கட்டிவிட்டு ஐந்தே நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

அவளுக்குத் தொழில் பல்செட் செய்வது. ஒரு மாடிக் கட்டடத்தின் பின்னறையில், மெழுகு உருக்கும் சின்ன விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத யார் யாருக்கோ பல் வரிசை அடுக்குவாள். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளையாகப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். அதனால் பிள்ளைகள் அவளை ‘பல்லக்கா’ என்றார்கள். அவளுடைய சொந்த மகளும் மைதானத்தில் அப்படித்தான் கூப்பிட்டாள். “பல்லக்கான்னு கூப்பிட்டா என்னைத் தூக்கிட்டுப் போகணும்டி, இப்படி ஓட விடக் கூடாது” என்பாள் அவள்.

பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பன்னிரண்டு பெண்கள். பேர் கொடுத்தால் போதும், அணியில் இடம் உண்டு. விளையாட்டு பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. விதிப் புத்தகத்தைச் சாப்பாட்டு வேளையில் மெழுகுக் கட்டிகளுக்கு நடுவே விரித்துவைத்துப் படித்தாள். பந்து போடுகிறவள் கையைச் சுழற்றிக் கீழிருந்து வீச வேண்டும். மட்டை பிடித்தவள் மூன்று முறை கோட்டைவிட்டால் அவுட். நான்கு பந்து தவறாகப் போனால் அவள் சும்மாவே முதல் பேஸுக்கு, அதாவது ஓடும் வழியில் பதித்த மூன்று திண்டுகளில் முதலாவதுக்கு, நடந்து போய்விடலாம். மூன்று பேஸையும் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஒரு ரன், மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணியின் முறை. ஆட்டத்துக்கு ஐந்து இன்னிங்ஸ்.

அணியில் ‘புயல்’ என்று ஒருத்தி இருந்தாள். பேருந்து ஓட்டுநரின் மகள். அவள் கை சுழன்றதுதான் தெரியும், பந்து வந்தது தெரியாது. முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஐந்து இன்னிங்ஸையும் அவளே வீசினாள். இரண்டிலும் வெற்றி. பெற்றோர் பல்லக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

ஆனால் அவளுக்கு வேறொன்று உறுத்தியது. பல் அடுக்குகிறவளுக்கு இடைவெளிதான் முதலில் கண்ணில் படும். இரண்டாவது ஆட்டத்தில் யார் யார் எத்தனை முறை பந்தைத் தொட்டார்கள் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். புயலுக்கும், அவள் வீசுவதைப் பிடித்த தன் மகளுக்கும் கோடுகள் வேலிபோல நீண்டன. மற்றவர்களுக்கு ஒன்று, இரண்டு. இடது கோடியில் நின்ற பெண்ணுக்கு ஒன்றே ஒன்று. அதுவும் பக்கத்து மைதானத்திலிருந்து உருண்டு வந்த வேறு யாருடைய பந்தோ.

ஜெயிக்கிற அணி இதுதானா? இவர்கள் தினமும் வருவது எதற்காக? அவளுக்கு விடை தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

அடுத்த பயிற்சியில், “பந்து வீசிப் பாக்க யாருக்கு ஆசை?” என்று கேட்டாள். ஏழு கைகள் உயர்ந்தன. ஒரு வாரம் முயன்றதில் ஆறு பேர், “கை வலிக்குது, பல்லக்கா” என்று கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவள் ‘கேள்வி’. எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒரு ஏன் கேட்பதால் வந்த பெயர். அவள் வீசும் பந்து உயரே எழும்பி, யோசித்து யோசித்துக் கீழே இறங்கும். ஆனால் இரண்டுக்கு ஒன்றாவது சரியான இடத்தில் இறங்கியது.

“புயலுக்கு மூணு இன்னிங்ஸ், கேள்விக்கு ரெண்டு. ரெண்டாவதும் கடைசியும் கேள்வியோடது. இனிமே இதுதான்” என்று பல்லக்கா எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தாள்.

மூன்றாவது ஆட்டத்தில் கேள்வி வீசியபோது எதிரணி பந்தை மூலைக்கு மூலை அடித்தது. நம் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி மோதினார்கள், பந்தைத் தப்பான பேஸுக்கு எறிந்தார்கள், ஒரே நேரத்தில் எட்டுப் பேரும் கத்தினார்கள். இரண்டு ரன்னில் தோல்வி.

திங்கட்கிழமை புயலின் அப்பா காக்கிச் சட்டையோடு பல்லறைக்கே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றினார். மேசையில் வரிசையாக வாய் திறந்திருந்த பல்செட்டுகளைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார்.

“தப்பா நினைக்காதீங்க, கோச்சம்மா. நல்லா ஓட்டுறவனை உக்கார வெச்சுட்டு, கத்துக்குறவன் கையில வண்டியைக் குடுப்பாங்களா?”

அவள் கத்தியிலிருந்த மெழுகைத் துடைத்தாள். “நீங்க எப்படிண்ணே கத்துக்கிட்டீங்க? யாரோ ஒருத்தர் வண்டியைக் குடுத்திருப்பாங்கல்ல?”

மடக்கிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

“குடுத்தாங்க. காலி வண்டி. ஆறு மாசம் காலி வண்டியிலதான் ஓட்டினேன். பயிற்சியில அந்தப் பொண்ணு எவ்வளவு வேணும்னாலும் போடட்டும், நான் வேணாங்கல. மேட்ச் அன்னைக்கு வண்டியில சனம் ஏறியிருக்கு. மத்த பிள்ளைங்களும் ஜெயிக்கத்தானே வருதுங்க?”

அவர் போன பிறகும் அந்தக் காலி வண்டி மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் சங்கடம்.

அரையிறுதியில் அந்தச் சங்கடம் வேலையைக் காட்டியது. நான்கு இன்னிங்ஸ் முடிந்தபோது ஒரு ரன் முன்னிலை. கடைசி இன்னிங்ஸில் எதிரணியைத் தடுத்தால் இறுதிப் போட்டி. கேள்வி கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். சனம் நிறைந்த அந்தப் பேருந்து பல்லக்காவின் நினைவுக்கு வந்தது. “இந்தத் தடவை மட்டும் புயல் போடட்டும்மா” என்று சொன்னபோது அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

புயல் ஒன்பதே பந்தில் மூன்று பேரை அனுப்பிவைத்தாள். பிள்ளைகள் குதித்தார்கள். கேள்வியும் குதித்தாள். எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போன பிறகு அருகில் வந்தாள். அழப் போகிறாள் என்று பல்லக்கா மனசைத் தயார் செய்துகொண்டாள்.

“பல்லக்கா, நான் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“தெரியலம்மா.”

“எனக்கும் தெரியல. அதான் கேக்குறேன்.”

அவ்வளவுதான். கோபமோ தாபமோ இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிய முகம். மறுநாள் முழுக்க பல்லக்காவுக்கு வேலை ஓடவில்லை. ஒரு கீழ்ப்பல் வரிசையில் கோரைப்பல்லை இடம் மாற்றி வைத்துவிட்டுப் பிரித்து அடுக்கினாள். கொடுத்த வாக்கைத் தவறியது ஒரு பக்கம். அதைவிட, என்ன ஆகியிருக்கும் என்பது இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை என்பது அரித்தது.

அடுத்த பயிற்சியில் புயலைத் தனியாகப் பிடித்தாள். “உனக்கு என்னடி வேணும்? உங்கப்பா சொல்றது இருக்கட்டும்.”

புயல் காலால் மண்ணைக் கிளறினாள். “மூணாவது பேஸ்ல நிக்கணும். நான் இன்னும் ஒரு கேட்ச் கூடப் பிடிச்சதில்ல.”

“அப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“அவர் ஷிப்டை மாத்திக்கிட்டு வர்றாரு, பல்லக்கா. நான் பந்து போடுறதைப் பாக்கத்தான் வர்றாரு. எப்படிச் சொல்றது?”

இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் பல்லக்கா பெற்றோரை நிறுத்திவைத்துச் சொன்னாள்: “போன தடவை நான் சொன்ன சொல்லை மீறிட்டேன். அது தப்பு. கடைசி இன்னிங்ஸ் கேள்வியோடது. ஸ்கோர் என்னவா இருந்தாலும் சரி. அப்ப யாரும் என்னைப் பாத்துக் கத்தக் கூடாது. கத்தணும்னா இப்பவே கத்திடுங்க.”

இரண்டு பேர் கத்தினார்கள். ஓட்டுநர் மட்டும், “முன்கூட்டியே சொல்லிட்டீங்க, சரி” என்றார். ஆனால் போட்டியன்று மற்றவர்களோடு உட்காராமல், மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் இருந்த கம்பிவேலியை ஒட்டித் தனியாகப் போய் நின்றுகொண்டார்.

கடைசி இன்னிங்ஸில் எதிரணி மட்டை பிடிக்க வந்தபோது ஆறுக்கு ஐந்து. ஒரு ரன் முன்னிலை. புயல் மூன்றாவது பேஸுக்கு ஓடினாள். கேள்வி நடுவில் வந்து நின்றாள்.

முதல் பெண்ணுக்கு நான்கு பந்துகளும் தவறிப்போயின. அவள் முதல் பேஸுக்கு நடந்தாள். பெற்றோர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்கள். இரண்டாவது பெண் அடித்த பந்து நேராக வானத்துக்குப் போய் மூன்றாவது பேஸ் மேல் இறங்கியது. புயல் இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பிடித்தாள். கண்ணைத் திறந்து கையுறைக்குள் பார்த்தவள், “இருக்கு! இருக்கு!” என்று அலறினாள்.

மூன்றாவதாக வந்தவள் மூன்று முறையும் பந்து வந்து சேரும் முன்பே மட்டையைச் சுழற்றிவிட்டாள். அவுட். கேள்வியே வாய் பிளந்தாள். இன்னும் ஒருத்தி போதும்.

நான்காவது பெண் பொறுமையாகக் காத்திருந்து அடித்தாள். பந்து இடது கோடியைத் தாண்டி உருண்டது. முன்பு நடந்துபோனவள் ஓடி வந்துவிட்டாள், ஆறுக்கு ஆறு. அடித்தவள் மூன்றாவது பேஸில் நின்றாள். ஐந்தாவது பெண்ணின் மட்டையில் பட்ட பந்து, முதல் பேஸுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நிதானமாக உருண்டு, விழுந்து புரண்ட இரண்டு பெண்களையும் ஏமாற்றிவிட்டுப் போனது. ஏழு. முடிந்தது.

சில பிள்ளைகள் அழுதார்கள். பல்லக்காவின் மகள் முகக்கவசத்தைக் கழற்றித் தரையில் போட்டாள். பல்லக்கா அதை எடுத்துத் தூசி தட்டினாள். ஜெயித்திருக்கலாம், அது பொய்யில்லை. கேள்வியை அணைத்துக்கொள்ளப் போனாள். அவளோ விலகி நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“பல்லக்கா, மூணாவதா வந்தவளுக்கும் நாலாவதா வந்தவளுக்கும் ஒரே மாதிரிதான் போட்டேன். அவ ஏன் அடிக்கல, இவ ஏன் அடிச்சா?”

பல்லக்கா எதிரணிப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் வேகமாக வந்தார். வரட்டும், கேட்டுக்கொள்வோம் என்று அவள் நிமிர்ந்து நின்றாள். அவர் அவளைக் கடந்து மகளிடம் போனார்.

“கண்ணை மூடிக்கிட்டா பிடிச்ச?”

“ஆமாப்பா.”

“இன்னொரு தடவை பிடி, பாப்போம். இந்த முறை கண்ணைத் திறந்துக்கிட்டு.” பிறகு கேள்வியின் பக்கம் திரும்பினார். “அந்த நாலாவது பொண்ணு மத்தவங்க மாதிரி நிக்கலம்மா. நீ கையைச் சுத்த ஆரம்பிச்சதும் பின்காலை ஒரு சாண் பின்னாடி வெச்சா. நான் நேர் பின்னாடிதானே நின்னேன், நல்லாத் தெரிஞ்சுது. வா, தடம் இருக்கும்.”

மட்டை பிடிக்கிற இடத்தில் மூவரும் குனிந்து மண்ணைப் பார்த்தார்கள். பல்லக்காவும் போய்க் குனிந்தாள். ஒரு குதிகால் தடம் மற்றவற்றைவிட ஆழமாக, பின்தள்ளி இருந்தது. ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தடத்தில் காலை வைத்து, யாருடைய மட்டையையோ எடுத்துக்கொண்டார்.

“போடும்மா. அதே மாதிரி போடு.”

நடுவர் பேஸ்களைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டே நிமிஷம், சார்” என்று பல்லக்கா அவரிடம் கெஞ்சினாள். புயல் மூன்றாவது பேஸ் இருந்த இடத்துக்கு ஓடினாள். கேள்வி கையைச் சுழற்றினாள்.