தம்பி நின்ற வரிசை

டாக்ஸி நிற்பதற்கு முன்பே பெரியவன் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான்.

டிரைவர் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவனும் பார்த்தான். சிரிக்கலாமா, வேண்டாமா என்று தெரியாத முகம். ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணனைப் பார்த்துத் திடீரென்று சிரித்துவிட முடியுமா?

“செக்யூரிட்டில எப்படியும் கழட்டச் சொல்வாங்க. இங்கயே கழட்டிட்டா அங்க நேரம் மிச்சம்,” என்று விளக்கம் சொன்னான் பெரியவன்.

“பேன்ட் நிக்குமாண்ணே?”

“இத்தனை வருஷமா நிக்குது.”

பெரியவன், சின்னவன் என்பதெல்லாம் அம்மா கூப்பிட்ட பெயர்கள். ஐம்பதைத் தொட்ட பிறகும் அவளுக்கு இவன் பெரியவன்தான், அவன் சின்னவன்தான்.

பெரியவனுக்கு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர் வேலை. வாரத்தில் பாதி நாள் ஆகாயத்தில் இருப்பான். லிஃப்ட் வரக் கொஞ்சம் தாமதமானாலும் பொத்தானைக் குத்திக் குத்தி எடுக்கும் ஜனங்களைப் பார்த்துப் பார்த்து, காத்திருப்பது என்பதே ஒரு பழுது என்று முடிவு கட்டியிருந்தான். பழுது என்றால் சரிசெய்ய வேண்டியதுதானே? கயிறு கட்டாத ஷூ. உலோகம் இல்லாத கைக்கடிகாரம். கையோடு கொண்டுபோகிற ஒரே ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, வருஷா வருஷம் சந்தா கட்டி வாங்கும் ‘விரைவுப் பாதை’ அட்டை. ஊரே வரிசையில் நின்று கால் மாற்றிக்கொண்டிருக்கும்போது, இவன் தனி வழியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுவான். ஆபீசில் ‘ராக்கெட்’ என்று பட்டப்பெயர். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்படி மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்கிறாய் என்று இதுவரை யாரும் அவனைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திணறியிருப்பான். கேட் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பான், வேறென்ன?

அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தையல்காரி. வாடகை வீடு. அண்ணனும் தம்பியும் சேர்ந்து வீட்டைக் காலி செய்து, காலையில்தான் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்திருந்தார்கள். இத்தனை நாளில் இருவரும் பேசியது, “அந்த முனையைத் தூக்கு,” “மெதுவா இறக்கு,” அவ்வளவுதான். இப்போது ஆளுக்கொரு விமானம், ஆளுக்கொரு ஊர். தம்பியின் விமானம் முதலில் கிளம்புகிறது.

நேற்று மெத்தையைச் சுருட்டும்போது சின்னவன் தலையைத் தூக்காமலேயே சொன்னான். “நாளைக்கு ஏர்போர்ட்ல உன்கிட்ட கொஞ்சம் பேசணும்ணே.”

“இப்பவே சொல்லேன்.”

“இல்ல. அங்க பேசிக்கலாம்.”

என்ன பேசப் போகிறான்? பெரியவனுக்கு ராத்திரி முழுக்க அதே யோசனை. அப்பா இறந்த மறுநாளே வேலை இருக்கிறது என்று இவன் விமானம் ஏறியதும், அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சின்னவன், “அண்ணனுக்கு அப்பாவும் ஒரு கனெக்டிங் ஃப்ளைட்தான்,” என்று சொன்னதும் ஆறு வருஷமாக இருவருக்கும் நடுவில் கிடந்தன. அதை இப்போது கிளறப் போகிறானா? இல்லை, கைநீட்டப் போகிறானா? கைநீட்டினால் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் இவனுக்கும் இருந்தது. ஆனால் பயமாகவும் இருந்தது.

உள்ளே நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் மலைப்பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வரிசை. தூங்கும் குழந்தைகள், தள்ளுவண்டிகள், கொட்டாவிகள். இடது பக்கம் கம்பளம் விரித்த வெற்று வழி.

பெரியவனின் கால் தானாகவே இடது பக்கம் திரும்பிவிட்டது.

“இந்தக் கார்டுக்கு ஒரு ஆளுதான்டா. நீ வரிசையில வா. நான் உள்ள போய் நல்ல இடமாப் புடிச்சு வைக்கிறேன். காபி குடிச்சிட்டே நிதானமாப் பேசலாம்.”

சின்னவன் வரிசையைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். “நீயும் இப்படியே வந்திடேன்ணே. உன் ஃப்ளைட்டுக்குத்தான் நேரம் இருக்கே.”

“காசு கட்டி வச்சுட்டு எதுக்குடா நிக்கணும்?”

“அதுவும் சரிதான். போ.”

பெரியவன் போனான். நெஞ்சில் ஏதோ இறங்கிய மாதிரி ஒரு நிம்மதி. தப்பித்த நிம்மதி என்று அதற்கு அவன் பெயர் வைக்கவில்லை.

அந்தப் பக்கம் வந்து காபிக் கடையில் ஒரு மூலை மேஜையைப் பிடித்து, எதிர் நாற்காலியில் தன் பெட்டியை உட்கார வைத்தான். சுற்றிலும் தனித்தனி மனிதர்கள். ஒவ்வொருவர் காதிலும் ஒரு ஒயர், ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு திரையின் வெளிச்சம். இத்தனை பேர் இருந்தும் பேச்சுச் சத்தம் என்று ஒன்று இல்லை. அறிவிப்புக் குரல் மட்டும் யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஒரு பெண் வந்து நாற்காலியைத் தொட்டாள். “யாராச்சும் வர்றாங்களா சார்?”

“என் தம்பி வர்றான்.”

சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் வாயிலேயே கொஞ்ச நேரம் தங்கின. தம்பி வர்றான் என்று யாரிடமாவது சொல்லி எத்தனை காலம் ஆயிற்று!

காபி ஆறியது. சின்னவன் வரவில்லை. போன்தான் வந்தது.

“அண்ணே, அம்மாவோட கத்திரிக்கோலை எடுத்து வச்சுக்கிட்டாங்க. கொஞ்சம் வந்து சொல்றியா?”

துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோல். நாற்பது வருஷம் அம்மாவின் கைக்குள் இருந்து, பிடியில் அவள் கட்டைவிரல் பதிந்த பள்ளம் உள்ள இரும்பு. வீட்டிலிருந்து சின்னவன் எனக்கு வேண்டும் என்று கேட்டு எடுத்துக்கொண்ட ஒரே பொருள். அதைப் போய்க் கைப்பையில் வைத்திருக்கிறானே! வருஷத்துக்கு ஒரு தடவை விமானம் ஏறுகிறவனுக்கு என்ன தெரியும்? வாரா வாரம் ஏறுகிறவன் பக்கத்தில் நின்றிருந்தால்...

ஓடினான். பெட்டியும் கையுமாக வந்தவனை, சோதனை இடத்தின் மஞ்சள் கோட்டருகே பெண் அதிகாரி கையை நீட்டித் தடுத்தார். “சார், அந்தப் பக்கமே நில்லுங்க.”

பத்தடி தூரத்தில், பிரித்துப் போட்ட பைக்கு முன்னால் சின்னவன் நின்றிருந்தான். செருப்பில்லாத கால். பரீட்சை ஹாலில் விடைத்தாளைப் பறிகொடுத்த பையன் மாதிரி இருந்தான்.

“மேடம், அவன் என் தம்பி. அது எங்கம்மாவோடது. அவங்க இப்பதான்...”

“புரியுது சார். ஆனா இவ்ளோ பெரிய கத்திரிக்கோல் கைப்பையில போகாது. கவுன்ட்டர்ல பெட்டிக்குள்ள போட்டு அனுப்பியிருக்கணும்.” அவர் குரலில் கோபம் இல்லை. “கூட வந்திருந்தீங்கன்னா வரிசையிலேயே சொல்லியிருக்கலாமே. திரும்பிப் போய்ப் போட்டுட்டு வர நேரம் இருந்திருக்கும். இப்ப இவரு ஃப்ளைட்டுக்குக் கடைசி அழைப்பு குடுத்தாச்சு.”



சின்னவன் ஒரு கணம் கத்திரிக்கோலைப் பார்த்தான். பிடியை ஒரு தடவை தடவினான். அப்புறம் பையை அள்ளிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அண்ணனைத் தாண்டும்போது நிற்கவில்லை. தோளை மட்டும் தொட்டான்.

“வர்றேன்ணே.”

“டேய், பேசணும்னியே...”

கூட்டம் அவனை விழுங்கிவிட்டது. பெரியவன் பின்னாலேயே ஓடினான். பெல்ட் இல்லாத பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல். கேட்டை எட்டும்போது கதவு சாத்தியிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் தெரிந்தது. எந்த ஜன்னல் அவனுடையது என்று தெரியவில்லை.

போனில் அழைத்தான். மூன்றாவது மணியில் சின்னவன் எடுத்தான்.

“என்னடா பேசணும்னு இருந்த? சொல்லுடா.”

“விடுண்ணே. போன்ல சொல்ற விஷயமில்ல. வரிசையில நிக்கும்போது ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்க வேணாம் பாரு. முன்னாடி நிக்கிறவன் முதுகைப் பார்த்துக்கிட்டே சொல்லிடலாம்னு நினைச்சேன்.”

“இப்ப என் மூஞ்சி தெரியலதானே. சொல்லு.”

சின்னவன் சொன்னான். “என் பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயி எட்டு மாசமாச்சு. வீட்டுல நான் மட்டும்தான். நம்ம அம்மாவுக்கு மட்டும் தெரியும். தினம் சாயங்காலம் போன் பண்ணுவாங்க. சாப்பிட்டியான்னு கேப்பாங்க. அவ்ளோதான். இனிமே சாயங்காலம் எனக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்கண்ணே. அதான். உன்னால முடிஞ்சா...”

“சார், போனை ஆஃப் பண்ணுங்க,” என்று யாரோ சொல்வது கேட்டது.

“நீ வரிசையிலேர்ந்து தப்பிச்சேன்னு நினைச்சே,” என்றான் சின்னவன். குற்றம் சொல்லும் குரல் இல்லை, வெறும் களைப்பு. “என்கிட்டேர்ந்துதான் தப்பிச்சுட்டே.”

இணைப்பு அறுந்தது.

விமானம் பின்னால் நகர்ந்து, திரும்பி, மெல்ல மறைந்தது. பெரியவன் அங்கேயே நின்றான். தன் வீட்டை நினைத்துப் பார்த்தான். மகள் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டாள். மனைவி இவன் வருகையை எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டாள். எத்தனை வரிசைகளைத் தாண்டி, எத்தனை மணி நேரத்தைச் சேமித்து, கடைசியில் எங்கே கொண்டுபோய்க் கொட்டினோம்? இந்த நாற்காலிகளில்தான். தனியாக.

அவனுடைய விமானத்துக்கும் அழைப்பு வந்தது. அவன் எதிர்த் திசையில் நடந்தான்.

பெண் அதிகாரியிடம் போய், பயணத்தை ரத்து செய்துவிட்டு வெளியே போக வேண்டும் என்றான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கத்திரிக்கோலை ஒரு உறையில் போட்டு, ஒரு காவலரைத் துணைக்கு அனுப்பி வைத்தார்.

வெளியே வந்து, தம்பியின் ஊருக்கு அடுத்த விமானத்தில் டிக்கெட் எடுத்தான். கதவு மூட அதிக நேரமில்லை என்றார்கள். கத்திரிக்கோலைப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே பொதிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெட்டியைக் கவுன்ட்டரில் கொடுத்தான். கையை வீசிக்கொண்டு விரைவுப் பாதைக்கு ஓடினான்.

வாசலில் அட்டையைத் தேய்த்துப் பார்த்த பெண் புன்னகைத்தாள். “உங்க சந்தா இந்த மாசத்தோட முடியுது சார். ஒரே ஒரு கேள்வி. எங்க விரைவுப் பாதை உங்களுக்குப் பிரயோஜனமா இருந்துச்சா?”

“இன்னைக்குக் காலைல வரைக்கும் இல்லம்மா.”

அவள் புன்னகை பாதியில் நின்றது.

“உன்னைக் குறை சொல்லல,” என்றான் பெரியவன். “காசு குடுத்து நேரத்தை வாங்கறது தப்பில்ல. அதை யாருக்குக் குடுக்கப் போறோம்னு தெரிஞ்சு வாங்கணும். நான் இத்தனை வருஷமா வாங்கி வாங்கி எனக்கே வச்சுக்கிட்டேன். கூட நிக்க ஒரு ஆள் இருந்தா, எவ்ளோ நீள வரிசையா இருந்தாலும் நின்னுடணும்மா. நமக்காக ஒரு ஆள் காத்துக்கிட்டிருந்தா மட்டும் இந்த வழியா ஓடணும்.”

“அப்போ புதுப்பிக்கவா சார், வேணாமா?”

“என் தம்பியைக் கேட்டுச் சொல்றேன்,” என்றான் பெரியவன். ட்ரேயில் போனை வைத்துவிட்டு உள்ளே நடந்தான்.