இரண்டு அலமாரியில் ஒரு மீன்

அண்ணியை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். அவர் ஒரு தடவைகூடத் தன் தப்பை ஒப்புக்கொண்டதில்லை, அதுதான் பிடிக்காது. சமையலில் உப்பு கூடினால் உப்பு மாறிவிட்டது என்பார். வழி தவறினால் சாலையை மாற்றிவிட்டார்கள் என்பார். என் அண்ணன் கல்யாணமான நாளிலிருந்து "ஆமாம்மா" என்று சொல்லியே காலம் தள்ளுகிறான்.

என் தலையெழுத்து, எனக்கு வேலையும் அண்ணியிடமே. மீன் அருங்காட்சியகத்தில் கல்லாகிப் போன மீன்களின் பிரிவுக்கு அவர் தலைமை. நான் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கிறேன். முன்பு ஆஸ்பத்திரியில் மனிதர்களின் கைகால்களை எடுத்தேன். மீன்கள் பரவாயில்லை, மாவுக்கட்டை எப்போது பிரிப்பீர்கள் என்று நச்சரிப்பதில்லை. அலுவலகத்தில் அவரை 'மேடம்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே உத்தரவு.

அன்றைக்குப் பதினொரு மணிக்கு அண்ணியின் மீனுக்குத் தீர்ப்பு.

துடுப்பை விரித்தால் குடைக்கம்பி மாதிரி எலும்புக் கதிர்கள் தெரியுமே, அந்த மீன்களுக்குக் கதிர்த்துடுப்பு மீன்கள் என்று பெயர். சுறாவையும் திருக்கையையும் தள்ளிவிட்டால் சந்தையில் இருக்கும் மீனெல்லாம் அந்தக் கூட்டம்தான். அதில் நாக்கு மீன் ஒரு கிறுக்கு. குஞ்சில் பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளர வளர ஒரு கண் உச்சந்தலையைத் தாண்டி மறுபக்கத்துக்குக் குடிபோய்விடும். அப்புறம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு இரண்டு கண்ணாலும் மேலே பார்த்தபடியே வாழும். பாறை மீனும் மயில் மீனும் இதற்கு நெருங்கிய சொந்தம் என்று மரபணு சொல்கிறது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் கண் ஒழுங்காக இருக்க, இந்த ஒரு வீட்டில் மட்டும் எப்படி நகர்ந்தது? ஒரே தாவலா, படிப்படியா? படிப்படி என்றால், கண் பாதி வழியில் நின்ற மீன் ஒன்று என்றைக்கோ இருந்திருக்க வேண்டும்.

அது தன்னிடம் இருக்கிறது என்று அண்ணி ஒன்பது வருஷமாக ஒற்றைக் காலில் நின்றார். உள்ளங்கை அளவுக் கல், அதில் ஐந்து கோடி வருஷத்துக்கு முந்தைய ஒரு மீனின் இடப்பக்கம். கண்குழி உச்சந்தலைக்குச் சற்றே கீழே, விட்டால் தாண்டிவிடும் போல. எங்கள் மீசைப் பேராசிரியர் ஒப்பவில்லை. கல்லின் பாரத்தில் மண்டை நசுங்கிக் கண் மேலே ஏறிவிட்டது, வலப்பக்கத்தைக் காட்டினால் நம்புகிறேன் என்றார். வலப்பக்கத்துக்கு அண்ணி எங்கே போவார்? இந்த வகைக் கல்லைத் தட்டினால் மீன் விரித்த புத்தகம் போல இரண்டாகப் பிளக்கும். மற்ற பாதி சுரங்கத்திலேயே தொலைந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். புதுக் கூடத்தின் சுவரில் மீன்களின் வம்ச மரம் வரையப் போகிறார்கள். அதில் அண்ணியின் மீனுக்கு ஒரு கிளையா, இல்லை 'இடம் தெரியாதவை' அலமாரியா என்பதை மீசை நேரில் வந்து முடிவு செய்யப் போகிறார்.

காலையில் கூடத்து ஆட்கள் வாசலில் மாட்ட ஒரு பாறை மீன் எக்ஸ்ரே கேட்டிருந்தார்கள். பாறை மீன்கள் இருக்கும் மூன்றாம் அலமாரியின் அடி இழுப்பறையிலிருந்து ஒரு கல்லை எடுத்தேன். படம் எடுத்து, கழுவி, விளக்குப் பலகையில் மாட்டினேன்.

முதுகெலும்பில் பன்னிரண்டாம் கணுவும் பதின்மூன்றாம் கணுவும் ஒட்டிக்கிடந்தன. அதற்கு நேர் மேலே முதுகுத் துடுப்பில் ஒரு கதிர் முறிந்து கோணலாகக் கூடியிருந்தது.

முகங்களை மறந்துவிடுவேன், பெயர்களையும் மறந்துவிடுவேன், கூடிய எலும்பை மறக்க மாட்டேன். அண்ணியின் மீனைப் பதினொரு தடவை எடுத்தவள் நான், அதிலும் இதே ஒட்டு, இதே முறிவு. அதன் படத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்பி இதன்மேல் வைத்தேன். முள்ளோடு முள் பொருந்தியது. கண்குழி மட்டும் பொருந்தவில்லை. இடக்கண் உச்சியில், வலக்கண் வழக்கமான இடத்தில். மண்டையில் ஒரு விரிசல்கூட இல்லை.

நான் குதித்தேன். தனியாக, கீழ்த்தளத்தில், ஈய அங்கியோடு குதித்தேன்.

அப்புறம்தான் கல்லோடு இருந்த லேபிளைப் பார்த்தேன். 'பாறை மீன் குடும்பம்' என்று எழுதி, சுரங்கத்தின் பெயர், அடுக்கின் எண். அண்ணியின் குண்டு குண்டான எழுத்து. தேதி, அண்ணி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்.

அண்ணியின் தப்பு ஒன்று கையில் சிக்க எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன்! ஆனால் மீசைக்கு முன்னாலா? தன் மீனின் மறுபாதியைத் தானே வேறு குடும்பத்தில் போட்டு மூடிவிட்டு ஒன்பது வருஷம் சண்டை போட்டவர் என்று ஊர் சிரிக்குமே. என் அண்ணியைத் திட்ட நான் இருக்கிறேன், மற்றவன் யார்? லேபிளைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். எங்கள் இடத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. லேபிள் தப்பாக இருந்தாலும் எடுக்கக் கூடாது, புது லேபிளை அதற்கு முன்னால் வைக்க வேண்டும். ஒரு பழைய லேபிளை எறிந்ததற்காக அண்ணி என்னை அரை நாள் குப்பைத்தொட்டியைக் கிளற வைத்திருக்கிறார்.

கல்லையும் படங்களையும் எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் படியேறி ஓடினேன். மீசை பேனாவைத் திறந்துவிட்டிருந்தார்.

"அண்ணி! அண்ணி, மறுபாதி கிடைச்சிருச்சு!"

அண்ணி முறைத்தார். "மேடம்."

"மேடமாவது மண்ணாவது, இதைப் பாருங்க!"

படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அண்ணி இரண்டு கல்லையும் முகத்துக்கு முகம் வைத்துச் சேர்த்தார். இடுக்கே தெரியவில்லை. மீசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"இன்னொரு தடவை சேர்த்துக் காட்டுங்க," என்றார். காட்டினோம். "பொருந்துது. ஆனா இது எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு? யாரோ ஒட்டவச்சுச் செதுக்கினதில்லைன்னு நான் எப்படி எழுதுறது? லேபிள் எங்க?"

"லேபிள் எங்க?" அண்ணியும் என்னைப் பார்த்தார்.

"இ... இல்லை மேடம். கல்லு மட்டும்தான் இருந்துச்சு."

"லேபிள் இல்லாத கல்லு வெறும் கல்லு," என்றார் மீசை. பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது.

அண்ணியின் முகம் செத்துப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"இருக்கு!" என்று கத்தினேன். "பையில வச்சிருந்தேன். உங்களுக்காகத்தான் அண்ணி, சத்தியமா."

அண்ணி வாங்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். உப்பு மாறிவிட்டது, சாலை மாறிவிட்டது, இப்போது கையெழுத்து மாறிவிட்டது என்று சொல்லப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான்தான்!" என்றார் அண்ணி. மேசையில் ஓங்கி அடித்தார். "சார், இது என் எழுத்து! நான்தான் தப்பா எழுதி அடி இழுப்பறையில போட்டேன்! ஒத்தக் கண்ணு சரியான இடத்துல இருக்கவும் பாறை மீன்னு நினைச்சுட்டேன். பாருங்க, சுரங்கம் இருக்கு, அடுக்கு இருக்கு, ரெண்டும் ஒண்ணு! நான் எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்க சார்!"

இவ்வளவு சந்தோஷமாகத் தன்னைத் திட்டிக்கொண்ட ஆளை நான் பார்த்ததே இல்லை. மீசை எழுந்து கைகொடுத்தார். வம்ச மரத்தில் கிளை போடச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார்.

அவர் போனதும் அண்ணி என் காதைப் பிடித்துத் திருகினார். "இனிமே லேபிள்ல கை வச்சே, கையை உடைச்சுருவேன்." பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே புது லேபிளை எழுதி, பழையதற்கு முன்னால் வைத்தார். 'மறுபாதியை இனங்கண்டவர்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. 'முன்பு தவறாக இனங்கண்டவர்' என்று யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்து, அங்கே தன் பெயரை முழுதாக எழுதினார்.

அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"என்னங்க, ஒரு விஷயம் சொல்லணும். நான் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டேன்!"

அந்தப் பக்கம் அண்ணனின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"ஹலோ... யாருங்க பேசறது?"